பிஞ்சைக் காட்டிய விரல்

1

போன சனிக்கிழமை கடையில் பணம் கட்ட வரிசையில் நின்றபோது, என் சின்ன மகள் மதி, முன்னால் நின்றிருந்த பெரியவரின் வழுக்கைத் தலையை விரல் நீட்டிக் காட்டினாள். ஏனோதானோவென்று காட்டவில்லை. கையை முழுசாக நீட்டி, சுட்டுவிரலைத் தனியாக நிமிர்த்தி, தலையைப் பார்த்து, திரும்பி என் முகத்தைப் பார்த்து, மறுபடியும் தலையைப் பார்த்தாள். நான் கையிலிருந்த பால் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினேன்.

பெரியவர் திரும்பிப் பார்த்தார். மதி அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவளுடைய சிரிப்பைப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டவர்கள் இதுவரை யாருமில்லை. அவரும் சிரித்துவிட்டுத் தன் தலையைத் தானே தடவிக்கொண்டார்.

பெரிய மகள் கயலுக்கு ஒன்பது வயது. இங்கே கனடாவிலேயே பிறந்தவள். அவள் மட்டும் மிட்டாய் அடுக்குப் பக்கமாக ஒதுங்கி, எங்களை முன்பின் அறியாதவள்போல ஏதோ ஒரு விலைச்சீட்டை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தாள். காரில் ஏறியதும் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகத் திட்டு விழுந்தது. ஆளை விரல் நீட்டிக் காட்டக் கூடாது என்று அவர்கள் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புக்கு முன்பே சொல்லிக்கொடுத்துவிடுவார்களாம். அம்மாவே கை தட்டினால் அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

நியாயம்தான். ஆனால் அந்த ஒரு விரல் நீளுவதற்கு எங்களுக்கு இரண்டு தேசமும் ஒரு சுரைப் பந்தலும் தேவைப்பட்டன. இந்த வாரத்தோடு அது நடந்து ஒரு வருடம் ஆகிறது. ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

2

நான் ஆலங்குடி. என் கணவர் இளங்கோ கீரமங்கலம். பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் முடிவதற்குள் போய்விடலாம். ஆனாலும் என் மாமனார் அதை வேற்றுநாட்டுச் சம்பந்தமாகத்தான் நினைத்தார். எங்கள் அப்பா ஆபீஸ் உத்தியோகம். சுரைக்காய் எங்கே காய்க்கும் என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடையில் என்று சொல்லக்கூடிய வீட்டில் பெண் எடுத்துவிட்டோமே என்ற மனக்குறை அவருக்கு இன்றைக்கும் உண்டு.

பன்னிரண்டு வருடமாகக் கனடாவில், வின்னிபெக்கில் இருக்கிறோம். வருடத்தில் ஐந்து மாதம் பனி. அந்த ஐந்து மாதமும் இளங்கோ ஒரு சரக்குக் கம்பெனியின் கம்ப்யூட்டர்காரர். பனி உருகிவிட்டால் அவர் விவசாயி. வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் கம்பு நட்டுச் சுரைக்கொடி ஏற்றுவார். விதை இங்கே சீனக் கடையில் வாங்கியது. சட்டம் மட்டும் கீரமங்கலத்திலிருந்து வந்தது.

சட்டம் இதுதான்: பிஞ்சை யாரும் விரல் நீட்டிக் காட்டக் கூடாது. காட்டினால் வெம்பி உதிர்ந்துவிடும். கட்டாயம் காட்டித்தான் ஆகவேண்டும் என்றால் சுட்டுவிரலை மடக்கி முட்டியால் காட்டலாம். ஒரு தடவை பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேலாக விரலை நீட்டி, அது என்ன காய் என்று கேட்டார். இளங்கோ ஓடிப்போய், அந்த அம்மாளின் விரலைத் தன் கையாலேயே மடக்கிவிட்டு வந்தார். அந்த வாரமே உறைபனி விழுந்து கொடி கருகியது. இளங்கோவைப் பொறுத்தவரை குற்றவாளி யாரென்று இன்றுவரை சந்தேகமில்லை.

நான் வேதியியல் படித்தவள். இதையெல்லாம் கேட்டு வாய்விட்டுச் சிரிப்பேன். சிரித்துக்கொண்டேதான் எங்கள் வீட்டுக் கொடியிலும் முட்டியால் காட்டினேன். பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே.

3

மதி பிறந்து ஒரு வருடம் ஆகியும் எடை ஏறவில்லை. நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்த டாக்டருக்கு இதயத்தில் ஒரு கூடுதல் சத்தம் கேட்டது. அதிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கடைசியில் மரபணுப் பரிசோதனையில் போய் நின்றோம். வில்லியம்ஸ் சிண்ட்ரோம் என்றார்கள். ஏழாவது குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு இல்லை. எங்கள் மீது தப்பில்லை, தானாக நேர்வது என்று படம் போட்டு விளக்கினார்கள். இளங்கோ அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு, அந்தத் துண்டு எங்கே போயிற்று என்று கேட்டார்.

இந்தக் குழந்தைகளுக்கு மனிதர்கள் என்றால் உயிர். யார் வந்தாலும் சிரிப்பார்கள், யாரிடமும் போவார்கள். இதைப் போனில் சொன்னபோது மாமனாருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை 'வாங்க' என்று கேட்கவில்லை என்பதற்காகவே வருடக்கணக்கில் பேச்சை நிறுத்தியவர்கள் உண்டு. அங்கே ஒரு பிள்ளை எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறது என்று நான் அழுதால் அவர் என்ன செய்வார்?

"கலகலன்னு இருக்க பிள்ளைக்கு என்னத்தா வியாதி? மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கதுக்கெல்லாம் ஒங்க ஊருல வைத்தியம் இல்லையா?" என்றார்.

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. பிறகுதான் பார்த்தேன். பந்தைக் காட்டினால் மதி பந்தைப் பார்க்கமாட்டாள், காட்டுகிறவளின் முகத்தைப் பார்ப்பாள். நாயைக் காட்டினால் என் முகம். விமானத்தைக் காட்டினால் என் முகம். பசித்தாலும் என் முகத்தைப் பார்த்துத்தான் சிரிப்பாள், எதுவும் கேட்கமாட்டாள். இவள் தனக்கு இன்னது வேண்டும் என்று கடைசிவரை சொல்லாமலே போய்விடுவாளோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

4

அப்போதுதான் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சியில் சேரச் சொன்னார்கள். இந்தக் குறைபாடுள்ள சின்னக் குழந்தைகளுக்கு, மூன்று வயது ஆவதற்குள், விளையாட்டு வழியாகச் சில பழக்கங்களைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று பார்க்கிறார்கள். கற்றுக்கொடுப்பது அவர்கள் இல்லை, பெற்றவர்கள்தான். அவர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். வாரம் ஒரு தடவை பத்து நிமிடம் பிள்ளையோடு விளையாடி, வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும்.

சம்மதப் படிவம் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கட்டு கனத்துக்கு இருந்தது. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தார்கள். இவ்வளவு தடவை போகலாம் என்று சொல்லி யாரும் எங்களை வரவேற்றதே கிடையாது.

எங்களுக்குப் பொறுப்பாக வந்தவள் ஹன்னா என்ற சின்னப் பெண். பொறுமை ஏராளம். முதல் பாடம் இரண்டே வரி. ஒன்று, பொருளை விரல் நீட்டிக் காட்டுங்கள், குழந்தை அதைப் பார்க்கும்வரை காத்திருங்கள். இரண்டு, குழந்தை தானே காட்டிக் கேட்கும்வரை எதையும் கையில் கொடுக்காதீர்கள், மனசுக்குள் பத்துவரை எண்ணுங்கள்.

கேட்கும் முன்பே இலையில் இரண்டாம் தடவை சோறு விழுகிற வீட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள். என்னால் மூன்றுக்கு மேல் எண்ண முடியவில்லை. இளங்கோ ஒன்று என்று ஆரம்பிக்கும்போதே பொம்மை மதியின் கையில் இருக்கும். அடுத்த வீடியோவில் இன்னும் கொஞ்சம் காத்திருக்கப் பாருங்கள் என்று ஹன்னா ஒவ்வொரு வாரமும் ஒரே வாக்கியத்தை எழுதி அனுப்பினாள்.

மூன்றாவது மாதம் ஒருநாள் அவள் திரையில் வந்து, கொஞ்சம் தயங்கி, உங்கள் கணவருக்கு வலது கையில் ஏதாவது அடிபட்டிருக்கிறதா என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. அவள் எங்கள் வீடியோக்களையே போட்டுக் காட்டினாள். கோடை முழுக்கத் தோட்டத்தில் எடுத்தவை. இளங்கோ கொடியைக் காட்டுகிறார், முட்டியால். வண்டைக் காட்டுகிறார், முட்டியால். போதாததற்கு நானும் அதே முட்டி. விரலை நீட்டக் கற்றுக்கொடுக்கும் பாடத்தில், இரண்டு பெரியவர்கள் கையைப் பொத்திக்கொண்டு மதியின் முகத்துக்கு நேரே ஆட்டிக்கொண்டிருந்தோம். அவள் பாவம், முகத்தைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பாள்?

ஹன்னாவுக்குக் காரணம் சொல்லவேண்டி வந்தது. வெம்பிப்போகும் என்பதற்கு எனக்கு ஆங்கிலம் வரவில்லை. நான் சொன்னதைத் திருப்பித் தமிழில் போட்டால், விரல் நீட்டினால் காய்க்கு வாழ்க்கையில் பிடிப்பு விட்டுப்போகும் என்றுதான் வரும். அவள் சிரிக்கவில்லை. குனிந்து முழுவதையும் எழுதிக்கொண்டாள். அடுத்த மாதப் படிவத்தில் ஒரு புதுக் கேள்வி முளைத்திருந்தது: உங்கள் பண்பாட்டில் விரல் நீட்டிக் காட்டக் கூடாதவை எவை? இளங்கோ மிகுந்த அக்கறையோடு பட்டியல் எழுதினார். பெரியவர்கள், சாமி, பிஞ்சு. இடம் போதாமல் ஓரத்தில் 'முக்கியமாகச் சுரை' என்று சேர்த்தார்.

அதன்பிறகு நாங்கள் தோட்டத்துக்குப் போகாமல் கூடத்திலேயே வீடியோ எடுத்தோம். விரல்களை நன்றாக நீட்டினோம். மதி எங்கள் விரலையும் பார்த்தாள், சில சமயம் விரல் போன திசையையும் பார்த்தாள். ஆனால் அவளுடைய விரல் ஒருநாளும் நீளவில்லை.

5

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். ஆராய்ச்சி முடிய இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. வீடியோவை அங்கிருந்தும் அனுப்பலாம் என்று ஹன்னா அனுமதி வாங்கிக் கொடுத்தாள்.

ஊரில் மதிக்கு ராஜ வாழ்க்கை. புதுக்கோட்டையில் பஸ் ஏறி ஆலங்குடி வருவதற்குள் கண்டக்டர் மடியில் உட்கார்ந்து விசில் ஊதப் பார்த்தாள். அதை வாயிலிருந்து பிடுங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கீரமங்கலத்தில் வந்த சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கட்டிக்கொண்டாள். எங்கள் குடும்பத்தில் யாராலும் குறை சொல்ல முடியாத ஒரே ஆள் அவள்தான் என்று ஆயிற்று. இந்தப் பிள்ளைக்கு வியாதி என்று எந்தப் படித்த முட்டாள் சொன்னான் என்று ஒரு பெரியப்பா விசாரித்தார்.

பாட்டென்றால் அவளுக்குப் பிரியம் என்பதால் ஒருநாள் குடுமியான்மலைக்குக் கூட்டிப்போனோம். சங்கீத சுரங்களைக் கல்வெட்டாகச் செதுக்கிய பாறையை ஒருவர் ஆர்வமாகக் காட்டி விளக்கினார். மதி அவருடைய மீசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கயல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாறையைப் பார்த்தது நானும் இளங்கோவும் மட்டும்தான்.

மாமனாருக்கு வீட்டை ஒட்டியே தென்னந்தோப்பு, அதற்கு அந்தப் பக்கம் சுரைப் பந்தல். எங்கள் சட்டத்தின் மூலப்பிரதி அவரிடம்தான் இருக்கிறது. பந்தலுக்குள் நுழைகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டுதான் நுழைய வேண்டும். தோட்டக்கலை ஆபீசர் ஒருவர் வந்து, பிஞ்சு அழுகுவது ஒருவகை ஈ குத்துவதால்தான், பந்தலில் பொறி கட்டித் தொங்கவிடுங்கள் என்று சொன்னாராம். சொன்னவர் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டிக்கொண்டே சொல்லிவிட்டார். அவ்வளவுதான். மொதல்ல விரல மடக்குங்க சார், அப்பறம் ஈயப் பத்திப் பேசலாம் என்று அவரை அனுப்பிவிட்டதை மாமா இன்றும் ஊரெல்லாம் சொல்லுவார்.

6

கனடா திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது, அந்த வாரத்து வீடியோவைப் பந்தலடியில் எடுக்கலாம் என்று உட்கார்ந்தோம். வீட்டுக்குள் உட்கார்ந்தால் யாராவது வந்து மதியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். கயல் போனைப் பிடித்தாள். நான் ஆராய்ச்சிக்காரர்கள் கொடுத்த மஞ்சள் வாத்தை எடுத்து வைத்துக்கொண்டு மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, மாமா தண்ணீர் பாய்கிறதா என்று பார்க்க வந்தார். மதி வாத்தை உதறிவிட்டு அவரை நோக்கிக் கையைத் தூக்கினாள். அவர் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். வீடியோ பாழ் என்று நான் முணுமுணுத்தேன். கயல் எடுப்பதை நிறுத்தவில்லை.

மாமாவின் இடுப்பில் இருந்ததால் மதியின் தலை பந்தலுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே பூ உதிராத ஒரு பிஞ்சு, கட்டைவிரல் நீளம், காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மதி அதைப் பார்த்தாள். மாமாவின் முகத்தை விட்டுவிட்டு அதைப் பார்த்தாள். அவளுடைய வலது கை மெதுவாக எழுந்தது. நாலு விரல் மடங்கி, ஒரு விரல் மட்டும் நீண்டது. பிஞ்சைக் காட்டி, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் பாய்ந்துபோய் அந்த விரலை மடக்கினேன்.

"மடக்கு, விரல மடக்கு" என்று என் வாய் சொல்லியது வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது. வேதியியல் படித்த வாய். ஒரு வருடமாகக் கும்பிடாத சாமியெல்லாம் கும்பிட்டுக் காத்திருந்த விரலை நானே என் கையால் மடக்கி, பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். மதி மூடியிருந்த தன் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். கை கீழே இறங்கிவிட்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவமானம், துக்கம், எது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"ஏந்தாயி மடக்குற?" என்றார் மாமா. குரலை உயர்த்தவில்லை. "வந்ததுலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அது ஆளு மூஞ்சியவே பாக்குது. ஒரு ஆடு மாட்டப் பாக்கல, மரம் மட்டையப் பாக்கல. இன்னைக்குத்தான் ஒரு காயப் பாத்துச்சு. அதப் போயி மடக்குறியே."

கலகலப்பான பிள்ளைக்கு என்ன வியாதி என்று கேட்ட மனிதர், இத்தனை நாளும் பேசாமல் இருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

அவர் மதியின் கையைப் பிரித்துவிட்டார். பிறகு தன் வலது கையை நீட்டி, மண் காய்ந்திருந்த சுட்டுவிரலை நேராக நிமிர்த்தி, அந்தப் பிஞ்சைக் காட்டினார். முட்டியால் இல்லை, விரலால். "ஆத்தா, இது பிஞ்சு" என்றார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். நான் பழக்கத்தில் எண்ணினேன். பத்து தாண்டி, இருபதும் தாண்டிவிட்டது. மதி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அடுத்த பிஞ்சுக்கு நகர்ந்தார். மறுபடியும் விரல், மறுபடியும் காத்திருத்தல். நாலாவது பிஞ்சில் அவருடைய கறுத்த விரலுக்குப் பக்கத்தில் மதியின் சின்ன விரல் வந்து நின்றது.

மாமா அவளைத் தூக்கிக்கொண்டு அந்த வரிசை முழுக்க நடந்தார். ஒரு பிஞ்சு மிச்சமில்லாமல் இருவரும் காட்டினார்கள். மோட்டார் கொட்டகையிலிருந்து வந்த இளங்கோ, தன் அப்பா பந்தலுக்குள் விரலை நீட்டிக்கொண்டு போவதைப் பார்த்து அலறிவிட்டார்.

"நீ போயி மோட்டார நிறுத்துடா. வந்துட்டான்" என்றார் மாமா.

7

அந்த வீடியோவை ஹன்னா மூன்று தடவை பார்த்தாளாம். அம்மா குழந்தையின் விரலை மடக்குவதற்கு அவர்களுடைய கணக்கெடுப்பில் ஒரு கட்டமும் இல்லை. அதனால் 'மற்றவை' என்பதில் சேர்த்துவிட்டாள். அந்தப் பெரியவர் யார், எங்கே பயிற்சி எடுத்தவர் என்று கேட்டாள். சுரை போடுகிறவர் என்றேன். வேறு பெற்றோர்களுக்குக் கற்றுக்கொடுக்க அந்தத் துண்டைப் போட்டுக் காட்டலாமா, அவர் கையெழுத்துப் போடுவாரா என்று அதே கல்யாணக் கட்டுப் படிவத்தை அனுப்பினாள். மாமாவுக்கு நான் போனில் பக்கம் பக்கமாகப் படித்துச் சொன்னேன். நிலத்துக்கு வில்லங்கம் எதுவும் வராதே என்று இரண்டு தடவை உறுதி கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மதிக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். காணாமல்போன துண்டு காணாமல்போனதுதான். இதயத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓடுகிறோம். முன்பின் தெரியாதவர்களை இன்னமும் கட்டிக்கொள்கிறாள். அது வேறு தனிப் பயம். ஆனால் பசித்தால் வாழைப்பழத்தைக் காட்டுகிறாள். பனி விழுந்தால் ஜன்னலைக் காட்டுகிறாள். காட்டியதற்கெல்லாம் நாங்கள் பேர் சொல்லுகிறோம். அவளும் திருப்பிச் சொல்லத் தொடங்கியிருக்கிறாள்.

நாங்கள் இங்கே திரும்பி இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மாமா வீடியோ காலில் வந்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பிஞ்சுகளெல்லாம் எப்படி இருக்கின்றன மாமா என்று கேட்டேன். மழையைப் பற்றிச் சொன்னார், தேங்காய் விலையைப் பற்றிச் சொன்னார். பந்தலைக் காட்டுங்கப்பா என்று இளங்கோவும் விடவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் போனைத் திருப்பினார். அவர்கள் நடந்த அந்த வரிசையில் பாதிப் பிஞ்சு வெம்பிக் கறுத்துத் தொங்கியது.

இளங்கோ என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மதி என் மடியிலிருந்து எழுந்து, திரையில் தெரிந்த கறுத்த பிஞ்சை விரல் நீட்டிக் காட்டி, "பிஞ்சு" என்றாள்.

மாமா போனைத் தன் முகத்துக்குத் திருப்பிக்கொண்டார்.

"அது ஈ குத்துனதும்மா" என்றார். "ஆபீசரு அப்பவே சொன்னாரு. நாந்தான் கேக்கல."